இருவரும் ஒருவரே

இரவு பத்தரை.
பன்னிரண்டோடு பாரம் மூடிவிடும்.
பிறையில், எங்கள் ஒன்பதாம் மாடியில்
வைஃபை எட்டுவது சமையல்கட்டு ஜன்னலோரம் மட்டும்.
அதனால் நாலு பேரும் அங்கேதான்.
அரிசி டின் மேல் மடிக்கணினி.

தம்பி லுகேஷ் படமெடுக்கிறான்:
அப்பாவின் ஐசி முன்பக்கம், பின்பக்கம்,
மூன்று மாதச் சம்பளச் சீட்டு.
கோப்பு பெரியது என்கிறது திரை.
"சுருக்குடா."
"அப்பா சம்பளத்தையா?
இதுக்கு மேல எப்படிக்கா?"

அப்பா சிரித்தார்.
சிரித்தபடியே சீட்டைக் கையில் வாங்கி
நாலாக மடித்தார்.
அதற்குள் நான் படித்துவிட்டிருந்தேன்.
ஓட்டி என்ற வரிக்கு எதிரே சுழியம்,
மூன்று மாதமும் சுழியம்.
துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிற மனிதர்
ஓட்டி முடிந்து வருவதாகச் சொல்லித்தானே
இரவு ஒரு மணிக்குச் செருப்பைக் கழற்றுவார்.
எங்கிருந்து?
நான் கேட்கவில்லை. பாரம் கேட்டது.
அடுத்த கட்டம்: இதர வருமானம்.

அப்பா அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்:
"மோட்டார்ல பார்சல் போடறேன்.
அதையும் எழுதணுமா?"

அம்மா ஒன்றும் பேசவில்லை.
கொதிக்காத தண்ணீரை இறக்கி வைத்து
மறுபடி ஏற்றினாள்.

தாயின் தொழில்.
தட்டினால் விரியும் பட்டியலில்
ஆசிரியர் இருக்கிறார், மீனவர் இருக்கிறார்,
ஓய்வு பெற்றவருக்கும் இடம் இருக்கிறது.
விடியற்காலை ஐந்துக்குக் கோப்பிக்கடையில் கோப்பை கழுவி
பதினொன்றுக்கு வந்து
எட்டாம் மாடிச் சித்ரகலாவின் இரண்டு பிள்ளைகளுக்கு
அவள் ஆலையிலிருந்து திரும்பும்வரை
சோறூட்டித் தூங்க வைப்பவளுக்கு
அதில் ஒரு சொல் இல்லை.
"வீட்டுல சும்மா இருக்கேன்னு போடு."
"பொய்யாயிடும்மா."
"அப்ப கோப்பை கழுவுறேன்னு போடு."
"சீட்டு கேப்பாங்க."
"தவுக்கே ஈர நோட்டாத்தான் குடுப்பாரு.
அதைப் படமெடுத்து அனுப்பு."

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குச் சிவப்பு எழுத்து:
தாயின் பெயர் பொருந்தவில்லை.
என் பிறப்புப் பத்திரத்தில் அம்மாவுக்கு ஒரு வி.
ஐசியில் அதே இடத்தில் டபிள்யு.
பரமேஸ்வரி என்று தமிழில் எழுதினால்
எனக்கு ஒரே அம்மா.
ரோமன் எழுத்தில் இரண்டு பேர்.
"கூப்பிட்டா திரும்பிப் பாக்குறேன் இல்ல,
அது போதாதா?" என்றாள்.
போதாது. ஆனாலும் அனுப்பினோம்.
நிலை: நிலுவையில்.
ஆவணம் தர மூன்று நாள்.

மறுநாள் பட்டர்வொர்த்தில்
பல் மருத்துவர் கடைக்கு மேல்
சத்தியப்பிரமாண ஆணையர்.
அம்மா அரைநாள் கூலியை விட்டு வந்திருந்தாள்.
அப்பா கீழே, மோட்டாரை அணைக்காமல்,
முதுகில் பார்சல் பையோடு.

எழுதியிருந்ததை அம்மா வாய்விட்டுப் படித்தாள்,
மலாயில், பள்ளிக்கூடக் குரலில்:
மேற்கண்ட பெயருடையவரும்
கீழ்க்கண்ட பெயருடையவரும்
ஒரே ஆள், அது நானே.
ஆணையர் நிமிராமல் கேட்டார்: வேலை?
"டுவா" என்றாள் அம்மா.
இரண்டு.
அவர் நிமிர்ந்தார்.
என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.
என்ன தட்டினார் என்று
நான் எட்டிப் பார்ப்பதற்குள்
முத்திரை விழுந்துவிட்டது.

பத்து வெள்ளி.
அம்மா ரசீது கேட்டு வாங்கினாள்.
படியிறங்கும்போது நின்று,
கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்துப் பார்த்தாள்.
தன் பெயரில் சீட்டு ஒன்று
கைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

அதில் டபிள்யு சரியாக இருந்தது.
ஆர் ஒன்று குறைந்திருந்தது.